வெற்று நிமிடங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு

பணி நியமன ஆணை கைக்கு வந்ததும் முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். அடுத்து பஸ் நேரம். அதற்கடுத்து, அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் யாராவது ஒருவரின் தொலைபேசி எண். அவரிடம் பேசினால் அநேகமாக இந்த ஒரு வாக்கியம் வந்துவிடும்: "பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். அடக்குவதுதான் கொஞ்சம் சிரமம்."

அந்த "அடக்குவது" என்ற சொல்லை நம்பி என் முதல் இரண்டு ஆண்டுகளை வீணடித்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கச் சேர்ந்தவன் நான். தொண்டை கட்டாத வாரம் கிடையாது. ஒரு நாள் வெறுத்துப்போய், சத்தம் எப்போது கிளம்புகிறது என்று ஒரு தாளில் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் குறித்தேன். நான் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, வருகைப்பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கும்போது, பலகையில் முதுகு காட்டி எழுதும்போது, பாடப்புத்தகத்தில் பக்கம் தேடும்போது. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது குறித்தது மிகச் சில. பிள்ளைகளுக்கு வேலையில்லாத நிமிடங்களை நானே உண்டாக்கிவிட்டு, அந்த நிமிடங்களுக்காக அவர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே இருப்பவை பெரும்பாலும் அந்த நிமிடங்களை அடைக்கும் வழிகள்தான்.

1. சேரும் முன் ஒருமுறை போய்வாருங்கள்

பள்ளிக்கு மட்டுமல்ல, ஊருக்குள்ளும். பிள்ளைகள் வரும் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கமோ சித்தேரி மலையிலோ பணி என்றால், ஒரு பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிடும். தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்கும் எண்ணமும் பாதி கரைந்துவிடும்.

தலைமை ஆசிரியரிடம் இரண்டு விவரங்கள் கேளுங்கள். யார் யார் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள்? எத்தனை பேரின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கிறது? இரு மாவட்டங்களிலும் இரண்டாவது கேள்விக்கான விடை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்பதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் அறையில் கிடைக்கும் 'சான்றிதழ்களை' வாங்கிக்கொள்ளவே வேண்டாம். "அந்தக் கடைசி பெஞ்ச் பையனா? பார்த்து இருங்கள்" என்பார்கள். தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். உங்களிடம் அவன் இன்னும் எதுவும் செய்யவில்லை.

2. அறையைப் படியுங்கள்

பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கடைசி பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். காலை வெயில் ஜன்னல் வழியே கரும்பலகையில் விழுந்து இடது பாதி வெள்ளையாகத் தெரிகிறதா? அங்கே எழுதியதைப் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். பக்கத்து நோட்டைப் பார்ப்பவர்கள் பேசுவார்கள். ஆடும் பெஞ்ச் இருந்தால் காலுக்கடியில் ஒரு மரத்துண்டு செருகுங்கள். என் அனுபவத்தில் சண்டைகளில் கணிசமானவை ஆடும் பெஞ்சில் பிறந்தவை. எல்லா வரிசைக்கும் நீங்கள் நடந்து போக வழி இருக்க வேண்டும். நடக்க முடியாத மூலையில் தனி ராஜ்யம் உருவாகும்.

3. முதல் வாரம் பாடத்தைவிடப் பழக்கம்

புதியவர்கள் முதல் நாளே பத்து விதிகளை எழுதிப் போடுவார்கள். மூன்று போதும், அவையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவையாக இருக்க வேண்டும். "ஒழுக்கமாக இருக்க வேண்டும்" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும்" என்பதைச் சரிபார்க்கலாம்.

விதியைவிட முக்கியம், வேலைகளை எப்படிச் செய்வது என்று பழக்குவது. வகுப்புக்குள் நுழைந்ததும் என்ன செய்வது, தண்ணீர் குடிக்க எப்போது போவது, சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது. சொன்னால் போதாது, செய்துகாட்டி, செய்ய வைத்து, இன்னொரு முறை செய்ய வைக்க வேண்டும். நோட்டுத் திருப்பிக் கொடுப்பதையே பாருங்கள். நாற்பது பேரையும் பெயர் சொல்லி அழைத்தால் ஆறு நிமிடம். வரிசைவாரியாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையின் முதல் பெஞ்சில் வைத்துப் பின்னுக்குக் கடத்தினால் ஒரு நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 1,100 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் இருபத்தேழரைப் பாடவேளைகள். இதை நான் பலகையில் பிள்ளைகளுக்கே கணக்காகப் போட்டுக் காட்டினேன். அடுத்த நாள் நோட்டுக் கடத்துவதில் போட்டியே வைத்துக்கொண்டார்கள், ஐம்பது வினாடிக்குள் முடிக்க வேண்டுமாம்.

4. நுழைவதற்கு முன் பலகையில் ஒரு வேலை

இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். பிள்ளைகள் உள்ளே வரும்போது பலகையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். நேற்றைய பாடத்திலிருந்து, மூன்று நிமிடத்தில் முடியக்கூடியது, யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடியது. அவர்கள் எழுதும்போது நீங்கள் வருகையைப் பாருங்கள்.

வருகையைச் செல்பேசிச் செயலியில் பதிய வேண்டியிருப்பதால் இது இப்போது இன்னும் அவசியமாகிவிட்டது. சிக்னல் தேடி வாசலுக்குப் போய், கையை உயர்த்தி, ஒரு காலில் நிற்கும் ஆசிரியரை வைத்துக்கொண்டு எந்த வகுப்பு அமைதியாக இருக்கும்? நானே சிரித்திருப்பேன்.

5. பாடம்: கேள்வி கேட்கும் கலை

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை சொல்கிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயைக் குடத்தில் போட்டால் போட்ட வரிசையில் வெளியே வராது; பாடத்தை முன்பின்னாக உளறுபவர் கழற்குடம். மட்டை மூடிய பனையில் ஏற முடியாது, அதுவாக விழுந்தால்தான் பழம். கேட்டால் எரிந்து விழுபவர் மடற்பனை. வாய் குறுகிய குடுவையில் பஞ்சைத் திணிப்பதும் எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தான் கற்றதும் அப்படி, கொடுப்பதும் அப்படி என்றிருப்பவர் பருத்திக் குண்டிகை. தண்ணீர் ஊற்றியவன் இங்கே இருக்க, வளைந்துபோய் அடுத்த வீட்டில் காய் போடும் தென்னை முடத்தெங்கு. முதல் பெஞ்சின் மூன்று பேருக்கு மட்டும் பாடம் எடுக்கும் என் பழைய பழக்கத்துக்கு அந்தத் தென்னையைத்தான் பொருத்திக்கொண்டேன்.

நாம் முடத்தெங்கு ஆவது கேள்வி கேட்கும் முறையில்தான். கேட்போம், மூன்று கைகள் உயரும், அந்த மூவரில் ஒருவர் சொல்வார், "சரி" என்று நகர்வோம். மற்ற முப்பத்தேழு பேருக்கும் வேலையில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதைக் கடிகாரம் வைத்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது ஒரு வினாடி அளவுதான். அதை மூன்று வினாடியோ அதற்கு மேலோ நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே வராமல் போவது குறைந்தது, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். எனவே வரிசை இப்படி: முதலில் கேள்வி, பிறகு மௌனம், கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த மூன்று வினாடி முதலில் மூன்று நிமிடம்போல் இருக்கும். மனதுக்குள் மெதுவாக எண்ணுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "புரிந்தது சார்" என்று கோரஸாக வரும் பதிலில் ஒரு தகவலும் இல்லை. ஒரு கணக்கைக் கொடுத்து நடந்து பாருங்கள், யாருக்குப் புரியவில்லை என்று ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

பலகையில் எழுதும்போது பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். எழுத்து கொஞ்சம் கோணலாகும், பரவாயில்லை. ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்புகளைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் கலகலத்துப்போன வகுப்பின் ஆசிரியரும், தவறு நடந்தபின் கண்டித்த விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. தவறு முளைக்கும் முன்பே நடந்துகொண்ட விதத்தில் வேறுபட்டார்கள். முதல் வகையினர், எல்லா மூலையிலும் நடப்பது தங்களுக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்திக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில் "முதுகிலும் கண் இருக்கிறது" என்போம். அந்தக் கண்ணுக்குப் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை, நடந்துகொண்டே இருந்தால் போதும்.

6. குறும்பு கிளம்பினால்

சிறியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு பார்வை. நிற்கவில்லையா, பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பெஞ்ச் அருகே போய் நின்று பாடம் எடுங்கள். இன்னும் தொடர்ந்தால், திறந்திருக்க வேண்டிய பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் மணி அடித்தபின் தனியாக. நாற்பது பேர் பார்க்க நடக்கும் வாக்குவாதத்தில் பதின்மூன்று வயதுப் பையன் தோற்க மாட்டான், அவனுக்கு அது மானப் பிரச்சினை.

பிரம்பு வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வெளியே நிற்க வைப்பதும் நூறு முறை எழுதச் சொல்வதும்கூட எனக்கு உடன்பாடில்லை. முதலாவதில் பாடம் போகிறது, இரண்டாவதில் எழுதுவதே தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

லீடரை விட்டுப் பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. என் லீடர் ஒருநாள் ஐந்து பெயர் எழுதி வைத்திருந்தான். முதல் பெயருக்கு உரியவனை எழுந்திரு என்றேன். யாரும் எழவில்லை. "அவன் இன்று வரவில்லை சார்" என்றது பின்வரிசை. லீடருக்கும் அவனுக்கும் கபடியில் ஏதோ தகராறாம். அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினேன்.

7. பேசாத பிள்ளை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. கிருஷ்ணகிரி நகரத்தில் உருதுவும் உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லாரும் தமிழ் படிக்கிறார்கள், ஆனால் ஆறாம் வகுப்பில் அறிவியலைத் தமிழில் கேட்டு, மனதில் வீட்டு மொழிக்கு மாற்றி, மறுபடி தமிழில் விடை சொல்ல நேரமாகும். அந்த நேரத்தை மந்தம் என்று படித்துவிடாதீர்கள்.

முதல் ஆண்டில் வெப்பம் பற்றிய பாடம். வெந்நீர் இருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டி "சூடு" என்றேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து இருவர் எழுந்து வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். குறும்பு என்று நினைத்துக் கோபப்பட்டேன். தெலுங்கில் "சூடு" என்றால் "பார்". அவர்கள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்! அன்று மாலையே பத்துச் சொல் கற்றுக்கொண்டேன். கன்னடத்தில் "நோடு" (பார்), "பரி" (எழுது). தெலுங்கில் "வினு" (கேள்), "ரா" (வா). உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கட்டும். ஆசிரியரும் தப்பாகப் பேசலாம் என்று தெரிந்தபின் அவர்களுடைய தமிழும் வெளியே வரும்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. தருமபுரி மாவட்டத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாக எழுதுவாள். எழுப்பிக் கேட்டால் இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பாள். "கையை எடுத்துவிட்டுப் பேசு" என்றேன். எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன், குரல் உயர்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததே தவிரக் கை இறங்கவில்லை. அதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். சத்துணவு நேரத்தில் அவள் தோழிகளோடு ஏதோ சிரித்தபோதுதான் பார்த்தேன்: முன்பற்களில் பழுப்புக் கோடுகள், அங்கங்கே சிறு குழிகள்.

இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்தால் எனாமல் கெட்டு வரும் கறை அது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இந்தப் பாதிப்பைக் குறைப்பதுதான். பல் துலக்கவில்லையா என்று அந்தப் பிள்ளையை யாரெல்லாம் கேட்டிருப்பார்கள்! அடுத்த வாரம் முழு வகுப்புக்கும் அதை அறிவியல் பாடமாகவே எடுத்தேன், யாரையும் சுட்டாமல்: கிணற்று நீர், பாறை, பல். அவள் கை உடனே இறங்கிவிடவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருநாள், அமிலங்களைப் பற்றிச் சொல்லும்போது, விரல்கள் மட்டும் உதட்டருகே இருந்தன. வாய் மூடாமல் ஒலிப் பெருக்கி மாதிரிப் பேசும் மற்றவர்களைப் பார்த்து எரிச்சல்படும் நான், அன்று அவள் முடிக்கும்வரை நகரவில்லை.

8. காலியான பெஞ்சுகள்

பள்ளி நாட்காட்டியோடு ஊர் நாட்காட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள். மறுநாள் பையன்கள் பாதி. கோடைக்கு முன்னால் புளி: வீடுகளில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை, பிள்ளைகளின் விரல் நுனியே சொல்லிவிடும். பள்ளி திறக்கும் ஜூனில் மாந்தோப்புகளில் அறுவடை இன்னும் முடிந்திருக்காது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் வந்தவர்களும் தூங்குவார்கள். அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்காமல் பழையதைத் திருப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம். கூத்தில் நேற்று யார் துரியோதனன் வேஷம் என்று கேட்டு ஐந்து நிமிடம் பேச விட்டால் தூக்கமும் கலையும்.

விடுப்பு முடிந்து வரும் பிள்ளையை எல்லார் முன்னும் விசாரிக்காதீர்கள். "வா கண்ணு" என்று உட்கார வைத்து, பக்கத்துப் பிள்ளையிடம் நோட்டு வாங்கிக் கொடுங்கள். காரணத்தை இடைவேளையில் கேட்கலாம்.

பெரிய வகுப்புப் பெண் தொடர்ந்து வராவிட்டால் அது வேறு. அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஆளனுப்பி விசாரியுங்கள். குழந்தைத் திருமணம் இந்த மாவட்டங்களில் பழங்கதை ஆகிவிடவில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு நிறையாத திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். சொன்னது யார் என்று ஊரில் தெரிய வேண்டியதில்லை.

9. ஈராசிரியர் பள்ளியானால்

மலைக் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். அங்கே ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றவர்கள் கையில் முன்கூட்டியே தயாரித்த வேலை இருந்தாக வேண்டும். தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிப்பு இங்கே கைகொடுக்கும். மலர் பிள்ளை ஒன்றை அரும்புப் பிள்ளைகள் இருவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நாம் பத்து நிமிடம் விளக்குவதை அது இரண்டு வரியில் சொல்லிவிடும்.

10. கடைசிப் பாடவேளை

பஸ் நேரம் நெருங்கும்போது எந்த ஆசிரியரின் குரலும் எடுபடாது, முயலவும் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத்து வேலை கொடுத்துவிட்டு, தொலைவிலிருந்து வருபவர்களை முதலில் பை கட்டச் சொல்லுங்கள். எல்லாரும் போனபின் பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்து, நாளைக் காலைக்கான கேள்வியை இப்போதே எழுதிவிடுங்கள். காலையில் பஸ் தாமதமானாலும் கேள்வி உங்களுக்கு முன்பே வகுப்பில் காத்திருக்கும்.

ஒகேனக்கல் பக்கம் என்றால் ஜன்னலையும் சாத்திவிட்டுக் கிளம்புங்கள். குரங்குகள் சாக்பீஸ் பெட்டியோடு போய்விடும்.